கடற்கரைச் சீமான்களின் ஊர்

கோடை வந்தால் மலை ஏறுவது நம் நாட்டுச் செல்வர்களின் வழக்கம். உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் வெள்ளைக்கார துரைகள் வளர்த்தார்கள். அவர்களைப் பின்பற்றி நம்மவர்களும் அங்கே பங்களா கட்டிக்கொண்டார்கள். அமெரிக்க நாட்டுக் கோடீசுவரர்களோ கோடை வந்ததும் கடலை நாடிச் சென்றார்கள். அவர்கள் நாடிச் சென்ற ஊர்களுள் தலைசிறந்தது நியூபோர்ட். அமெரிக்க ராஜ்யங்களுள் மிகச் சிறியதான ரோட் ஐலண்டில், நாரகான்ஸெட் விரிகுடாவின் வாயிலிலுள்ள ஒரு தீவின் தென்கோடியில் இந்த ஊர் அமைந்திருக்கிறது.

எங்கள் மருமான் போஸ்டன் நகரில் உத்தியோகம் பார்க்கிறான். பள்ளிக்கூட விடுமுறையில் தமக்கையாரையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்த நாங்கள், நியூபோர்ட்டையும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். போஸ்டனிலிருந்து அது சுமார் 70 மைல். காலையில் மோட்டாரில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம்.

மாளிகைகளைப் பற்றிச் சொல்லுமுன் ஊர் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அண்டையிலிருந்த மாஸசூஸெட்ஸ் குடியேற்றத்தில் மத விஷயமாகக் கட்டுப்பாடு மிக அதிகம். அங்கே மாறுபட்ட கொள்கை உடையவர்களுக்கு இடமில்லை. அப்படி வெளியேறியவர்களில் சிலர் 1639-ஆம் ஆண்டில் நியூபோர்ட்டை ஸ்தாபித்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜான் கிளார்க் என்ற வைத்தியர் இங்கிலாந்துக்குச் சென்று பல ஆண்டுகள் காத்திருந்து, 1663-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரிடமிருந்து ஒரு சாஸனம் பெற்றார். மத நம்பிக்கைக்காக எவரையும் துன்புறுத்தலாகாது என்பது அதன் முக்கியமான ஷரத்து. ஐரோப்பாவில் மதத்தின் பெயரால் மனிதர்கள் ஒருவரையொருவர் வதைத்துவந்த காலத்தில் இது அபூர்வமான விஷயந்தான்.

அதன் பலனை இன்றும் கண்ணால் காணலாம். குவேக்கர்கள் என்னும் சாந்த சீலர்கள் 1699-இல் கட்டிய பிரார்த்தனை மண்டபம் ஒரு பக்கம். 1726-இல் எழுந்த டிரினிடி மாதா கோயிலின் வெண்மையான கோபுரம் மற்றொரு பக்கம். சற்றுத் தூரத்தில், அமெரிக்காவில் இன்றும் நிற்கும் யூத ஆலயக் கட்டடங்களுள் மிகப் பழையதான டூரோ ஆலயம். பீட்டர் ஹாரிஸன் என்ற சிற்பி வகுத்த இவ்வாலயம் 1763-இல் திறக்கப்பட்டது. தெருவுக்கு நேராக நில்லாமல் அது சற்றே சாய்வாக நிற்பது ஏன் என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. உள்ளே தொழுபவர்கள் ஜெருசலேம் இருக்கும் கிழக்குத் திசையை நோக்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தார்களாம். திசை பார்த்துக் கோயில் கட்டும் நம்மவர்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? கீழே பன்னிரண்டு தூண்கள், மேலே பன்னிரண்டு தூண்கள். அவை யூதர்களின் பன்னிரண்டு குலங்களைக் குறிப்பவை.

1790-இல் ஜார்ஜ் வாஷிங்டன் இவ்வூருக்கு வந்தபோது யூதர்கள் அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். அவர் அதற்கு எழுதிய மறுமொழி அமெரிக்கச் சரித்திரத்தில் புகழ் பெற்றது. சமய சுதந்திரம் என்பது ஒரு சாரார் மற்றொரு சாராருக்கு இரக்கப்பட்டு அளிக்கும் சலுகையன்று, அது எல்லோருக்கும் இயற்கையாக உரிய பாத்தியதை என்பது அதன் சாரம். அதைக் கேட்டபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கடிதத்தையே ஒரு வாரம் பாடமாக நடத்தலாம் என்று தோன்றிற்று.

ஆனால் சரித்திரம் நமக்குப் பிரியமான இடத்தில் நின்றுவிடுவதில்லை. டூரோ ஆலயத்திலிருந்து சிறிது நடந்தால் ரெட்வுட் நூல் நிலையம். இதையும் பீட்டர் ஹாரிஸனே வகுத்தார். 1747-இல் ஏற்பட்ட இந்நிலையத்துக்குப் புத்தகம் வாங்க ஆபிரகாம் ரெட்வுட் என்ற கனவான் 500 பவுன் கொடுத்தார். உபாத்தியாயர்களாகிய எங்களுக்கு அக்கனவான்மீது உடனே பக்தி உண்டாயிற்று. பிறகுதான் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டோம். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஆன்டிகுவாவில் அவருக்குப் பெரிய கரும்புத் தோட்டம் இருந்தது. அங்கே வெயிலில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள்.

ரெட்வுட் ஒருவர் மாத்திரம் அல்லர். ஊரே அந்த வியாபாரத்தில் கொழுத்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கரும்புப் பாகு கப்பலில் வரும். நியூபோர்ட்டில் அதைக் காய்ச்சி ரம் என்னும் சாராயமாக வடிப்பார்கள். சாராயம் ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும். அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கி, மேற்கிந்தியத் தீவுகளில் விற்று, மறுபடியும் பாகு ஏற்றி வருவார்கள். 18-ஆம் நூற்றாண்டு தொடங்கி 1807 வரையில் ரோட் ஐலண்டுக் கப்பல்கள் இப்படி 900 தடவைக்கு மேல் சென்று சுமார் ஒரு லட்சம் ஆப்பிரிக்கர்களை ஏற்றிச் சென்றதாகச் சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கப்பல்களுள் மிகப் பல நியூபோர்ட்டைச் சேர்ந்தவை. மனச்சாட்சியின் சுதந்திரத்துக்காக ஊர் அமைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் மனிதனை விற்றார்கள்! ஆங்கில ஆட்சியில் அடிமை முறை 1834-இல் ஒழிந்த பின்னர், மொரீஷியஸ், நேட்டால் முதலிய இடங்களின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். ஆகவே இந்தக் கணக்கை அயலார் கணக்கென்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஃபேர்வெல் தெருவிலுள்ள பழைய இடுகாட்டின் ஒரு மூலையில் அந்த ஆப்பிரிக்கர்களின் கல்லறைகள் இருக்கின்றன. ‘கடவுளின் சிறு நிலம்’ என்று அந்த மூலைக்குப் பெயர். கற்கள் பல தேய்ந்து எழுத்து மங்கிவிட்டன. அவற்றுள் ஒன்று கஃப்பி கிப்ஸ் என்பவருக்கு உரியது. அவர் 1768 டிசம்பரில் காலமானார். கல்லைச் செதுக்கியவர் அவருடைய சகோதரர் பாம்ப் ஸ்டீவன்ஸ். இருவரும் அடிமைகள். அண்ணன் தம்பியாயினும் பெயரின் பிற்பகுதி வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள்; அவரவர் எஜமானரின் குடும்பப் பெயர் அவரவருக்குச் சூட்டப்பட்டது. தாம் இன்னாருக்காக இக்கல்லைச் செதுக்கினோம் என்று பாம்ப் ஸ்டீவன்ஸ் தம் பெயரையும் அதில் பொறித்திருக்கிறார். நம் கோயில்களில் எத்தனையோ ஆயிரம் சிலைகள். செதுக்கிய சிற்பியின் பெயர் அநேகமாகத் தெரிவதில்லை. தம் உடலே தமக்குச் சொந்தமில்லாத ஒரு மனிதர் தம் பெயரைக் கல்லில் நிலைநாட்டிவிட்டார். அந்தக் கல்லின் முன்னே எங்களில் ஒருவரும் பேசவில்லை.

இதே ஆப்பிரிக்கர்கள் 1780-இல் நியூபோர்ட்டில் ஒரு பரஸ்பர சகாய சங்கம் அமைத்தார்கள். கறுப்பு மக்கள் தங்களுக்கென்று அமெரிக்காவில் ஏற்படுத்திக்கொண்ட அத்தகைய சங்கங்களில் முதலாவது அதுதான்.

சுதந்திர யுத்தத்தின்போது ஆங்கிலப் படை 1776 முதல் 1779 வரை நியூபோர்ட்டைப் பிடித்து வைத்திருந்தது. குளிருக்கு விறகு போதாமல் சிப்பாய்கள் வீடுகளைப் பிரித்து எரித்தார்கள். வியாபாரிகள் ஓடிப் போனார்கள். பழைய துறைமுக வாழ்வு மீண்டும் தலையெடுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கடற்காற்றை நாடி வந்த பணக்காரர்களால்தான் ஊருக்கு மறுபிறப்பு உண்டாயிற்று. அவர்கள் வீடு கட்டிய ராஜபாட்டை பெல்வியூ அவென்யூ.

அந்த வீதியின் தொடக்கத்தில் ‘நியூபோர்ட் காஸினோ’ இருக்கிறது. பெயரைக் கண்டு சூதாட்ட விடுதி என்று தமக்கையார் முகம் சுளித்தார். உண்மையில் அது 1880-இல் கட்டிய கேளிக்கைக் கழகம். 1881-இல் அமெரிக்காவின் முதலாவது தேசிய டென்னிஸ் பந்தயம் நடந்தது இங்கேதான். டென்னிஸ் வீரர்களின் புகழ் மண்டபம் இப்போது இங்கே இருக்கிறது. இதன் புல்தரையில் நம் சென்னை விஜய் அமிர்தராஜ் 1976, 1980, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளில் வெற்றி பெற்றார். 1998-இல் லியாண்டர் பயஸ் வென்றார். 2024 ஜூலையில் அவ்விருவரையும் புகழ் மண்டபத்தில் சேர்த்துக் கௌரவித்தார்கள். சீமான்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக அமைத்த தரையில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்தபோது, விளையாட்டைப் பற்றி ஒன்றும் அறியாத தமக்கையாருக்கும் பெருமை தாங்கவில்லை.

இனி மாளிகைகள். இவற்றைக் கட்டியவர்கள் ‘குடில்’ என்றே அழைத்தார்கள்! வில்லியம் வாண்டர்பில்ட் தம் மனைவி ஆல்வாவுக்காக 1892-இல் கட்டி முடித்த சலவைக்கல் மாளிகைக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவு; அதில் 70 லட்சம் கல்லுக்கு மட்டும். அந்த அம்மாள் பிற்காலத்தில் பெண்களின் வோட்டுரிமைக் கிளர்ச்சியில் சேர்ந்து, 1909-இல் இதே மாளிகையில் அதற்காகக் கூட்டம் நடத்தினார் என்பதையும் சொல்லவேண்டும். 1920-இல் அமெரிக்கப் பெண்களுக்கு அந்த உரிமை கிடைத்தது.

வில்லியத்தின் தமையன் இரண்டாம் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் கட்டிய ‘பிரேக்கர்ஸ்’ இவை எல்லாவற்றிலும் பெரியது. 1895-இல் முடிந்த இந்த ‘குடிலில்’ 70 அறைகள். ஒரு ஸ்நானத் தொட்டியில் நான்கு குழாய்கள்: நல்ல தண்ணீரில் வெந்நீரும் தண்ணீரும், கடல் நீரிலும் அவ்விரண்டும். ஓர் அறைச் சுவரில் தங்கம் வெள்ளி போதாதென்று பிளாட்டினத் தகடு. ஆண்டில் சில வாரங்கள் தங்குவதற்காகத்தான் இத்தனையும்! கட்டி முடித்த மறு ஆண்டே எஜமானர் பாரிச வாயுவால் தாக்குண்டு, 1899-இல் இறந்தார்.

எல்லோரும் விதானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனார்கள். தமக்கையார் சமையலறை வந்ததும் நின்றுவிட்டார். வரிசை வரிசையாகச் செப்புப் பாத்திரங்கள் பளபளத்தன.

“தம்பி, இவ்வளவு செப்பையும் தேய்த்தவள் யார்? அவள் பெயரை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா?” என்று கேட்டார்.

“பெரிய உத்தியோகஸ்தர் பெயர் கிடைக்கலாம், அம்மா. பாத்திரம் தேய்த்தவள் பெயரை யார் எழுதி வைப்பார்கள்?” என்றான் மருமான்.

அக்கேள்விக்கு ஒருவாறு விடை கிடைத்தது, நிலக்கரி வியாபாரி எட்வர்டு பெர்விண்ட் 1901-இல் கட்டிய ‘எல்ம்ஸ்’ மாளிகையில். அங்கே வேலைக்காரர்கள் வாழ்ந்த பகுதிகளைத் தனியே சுற்றிக் காட்டுகிறார்கள். அவர்களுடைய அறைகள் மேல்மாடியில். வெளியே நிற்பவர் கண்ணில் படாதபடி கைப்பிடிச் சுவரால் மறைத்துவிட்டார்கள். நிலக்கரி பூமிக்கடியில் ஒரு சுரங்க வழியாகச் சிறு தண்டவாள வண்டியில் வந்து இறங்கும். விருந்தினர் பார்வைக்குக் கரியும் தெரியாது, கரி அள்ளியவனும் தெரியமாட்டான். வாரம் ஏழு நாளும் வேலை செய்து சலித்த வேலைக்காரர்கள் 1902-இல் ஓய்வு நேரம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். எஜமானர் அவர்களை விலக்கிவிட்டு வேறு ஆட்களை அமர்த்திக்கொண்டார்.

1913-இல் வருமான வரி வந்தது. கூலி உயர்ந்தது. வாரிசுகளுக்கு மாளிகைகள் பாரமாயின. 1945-இல் ஊரார் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1948-இல் வாண்டர்பில்ட்டின் புதல்வி பிரேக்கர்ஸை ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்குச் சங்கத்திடம் விட்டார். இடிபட இருந்த எல்ம்ஸைச் சங்கம் 1962-இல் வாங்கிக் காப்பாற்றியது. ஒரு காலத்தில் அழைப்பின்றி எவரும் வாசற்படி மிதிக்க இயலாத வீடுகளில் இன்று எவரும் சீட்டு வாங்கிக்கொண்டு உலாவலாம்.

மாளிகைகளின் பின்புறம் கடலோரப் பாறை விளிம்பில் சுமார் மூன்றரை மைல் நீளத்துக்கு ஓர் ஒற்றையடிப் பாதை செல்கிறது. ஒரு பக்கம் கோடீசுவரர்களின் புல்வெளி. மறு பக்கம் அட்லாண்டிக் மகாசமுத்திரம். கரையோரம் நடந்து மீன் பிடிக்கும் பழைய உரிமை ஜனங்களுக்கு உண்டு. அதன் வேர் 1663-ஆம் ஆண்டுச் சாஸனத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். தங்கள் தோட்டத்தின் ஓரமாகக் கண்டவர்கள் நடப்பதை விரும்பாத சில செல்வர்கள் புதர் வளர்த்தும் பாறை உருட்டியும் மறித்துப் பார்த்தார்கள். ஊரார் விட்டுக்கொடுக்கவில்லை. 2022-இல் பாதையின் ஒரு பகுதியைக் கடல் அரித்துச் சரித்துவிட்டது. கடலுக்குச் சீமான் என்றும் ஏழை என்றும் வித்தியாசம் தெரியாது போலும்!

மாலையில் அப்பாதையில் நடந்தோம். தூண்டில் ஏந்திய கிழவர், குழந்தை வண்டி தள்ளும் தாய், பல நிறத்து மாணவர்கள் ஆகிய எல்லோரும் எங்களுக்கு முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் மக்களோ மருமக்களோ உள்ள நேயர்கள் நியூபோர்ட்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குவது நல்லது. ஒரே நாளில் இரண்டு மாளிகைகளுக்கு மேல் பார்த்தால் சலவைக்கல் கண்ணுக்குள் சுழலும். எல்ம்ஸின் வேலைக்காரர் பகுதியைப் பார்க்க முன்னதாகவே சீட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்க. ஃபேர்வெல் தெரு இடுகாட்டில் சீட்டு இல்லை, கூட்டமும் இல்லை. குழந்தைகளை முதலில் அங்கே அழைத்துச் சென்று பாம்ப் ஸ்டீவன்ஸ் செதுக்கிய கல்லைக் காட்டிவிட்டு, பிறகு பிரேக்கர்ஸுக்கு அழைத்துச் செல்லுங்கள்.