நாட்களுக்கும் கணக்குண்டு

உபகாரச் சம்பளம் என்பது வெறும் பணமன்று. உழைத்த காலத்தை நாடு மறக்கவில்லை என்பதற்குச் சாட்சியுமாகும் என்றே நான் எண்ணி வந்தேன். அமெரிக்கப் படையினரின் கணக்கைப் படித்தபோது, அச்சாட்சி எத்துணை நுட்பமாக அளந்து எழுதப்படுகின்றது என்பதைக் கண்டு வியந்தேன்.

அந்நாட்டில் 2018க்கு முன்னிருந்த முறைப்படி, முழுநேரப் படைவீரர் 20 ஆண்டு பணியாற்றினால், மிகக் கூடிய 36 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியை எடுத்து, ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 2.5 வீதம் கணிப்பர். அஃதாவது சரிபாதி. சராசரி 6,000 டொலராயின் மாதந்தோறும் 3,000 டொலர். அதுவும் ஓய்வு பெற்ற உடனேயே.

சேமப்படையினருக்கோ புள்ளிக் கணக்கு. ஆண்டில் 50 புள்ளியேனும் பெற்றால்தான் அவ்வாண்டு தகுதிபெறும். அத்தகைய ஆண்டுகள் 20 வேண்டும். ஆயினும் தொகையைக் கணிக்கும்போது 360 புள்ளிகளே ஓராண்டு. 1,800 புள்ளி சேர்த்தவருக்கு ஐந்தாண்டே. அதே சராசரிக்கு 750 டொலர். கைக்கு வருவதும் பெரும்பாலும் 60 வயதில்.

19 ஆண்டில் விலகியவருக்குப் பழைய முறையில் பொதுவாக ஒன்றுமில்லை. 2018 இல் தொடங்கிய புதிய முறை, வீதத்தை 2 ஆகக் குறைத்தது. ஆனால் வீரரின் சேமிப்பில் அரசும் பங்கிடுவதால், இடையில் விலகுவோரும் வெறுங்கையுடன் செல்வதில்லை.

கணக்கிலே பிழையில்லை. எனினும், பயிற்சிக்குச் சென்ற தந்தைக்காகக் காத்திருந்த பிள்ளையின் நாட்களுக்கு எவரும் புள்ளியிடுவதில்லை. அவற்றை நினைவிற்கொள்ள வேண்டியவர்கள் வீட்டாரே.