ஒலிக்குக் காத்திருக்கத் தெரியாது

கணினி வாங்க வருபவரின் முன் விற்பனையாளர் அடுக்கும் எண்கள், அதாவது செயலியின் கிகாஹெர்ட்ஸ், கோர்களின் எண்ணிக்கை, ராமின் கொள்ளளவு ஆகியவை, அந்த இயந்திரம் ஒரு குறித்த காலத்தில் மொத்தமாக எவ்வளவு வேலையை முடிக்கும் என்பதைப் பற்றியவை. ஒளிப்படம் திருத்துவதற்கும் படத்தொகுப்புக்கும் இவ்வெண்கள் நேர்மையான வழிகாட்டிகளே. ஆனால் மைக்கின் வழியே வரும் குரலை வாங்கி, அதன்மேல் எதிரொலிப்பையோ சுருதித் திருத்தத்தையோ ஏற்றி, பாடிக்கொண்டிருப்பவரின் காதுக்கு அப்போதே திருப்பி அனுப்ப வேண்டிய மென்பொருளுக்கு, மொத்த வேலையின் அளவு இரண்டாம்பட்சம். ஒவ்வொரு சிறு தவணையையும் அதற்குரிய கெடுவுக்குள் முடிக்கிறதா என்பதே முதற்கேள்வி. அக்கேள்விக்கு விடை தரும் எண் எந்தப் பெட்டியின் மேலும் அச்சிடப்படுவதில்லை.

தவணை என்பது இங்கே மிகத் துல்லியமான பொருளுடையது. ஒலியலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கிய பின்னரே கணினி அதைக் கையாள முடியும். அவ்வாறு அளந்தெடுக்கும் ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். குறுந்தட்டுக்கு விநாடிக்கு 44,100 சாம்பிள் வழக்கம், திரைப்படத்துக்கு 48,000. சாம்பிள் ஒன்றுக்கு ஒரு முறை செயலியை அழைப்பது வீண்செலவு என்பதால் அவற்றை 64, 128, 256 எனக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். அக்கட்டுத் தங்குமிடம் பஃபர். விநாடிக்கு 48,000 என்ற விகிதத்தில் 64 சாம்பிள் கொண்ட பஃபர் நிரம்ப 1.33 மில்லி விநாடி ஆகும். அடுத்த கட்டு வந்து நிற்பதற்குள் முந்தைய கட்டின் கணக்கு முழுவதும் முடிந்திருக்க வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அவ்விடைவெளியில் ஏறத்தாழ 40 லட்சம் கடிகாரத் துடிப்புகள் கிடைக்கின்றன. சாதாரணமான பத்துப் பதினைந்து பிளக்-இன்களுக்கு, அதாவது மூல மென்பொருளுக்குள் செருகப்படும் சிறு ஒலிக்கருவிகளுக்கு, அது தாராளமாகவே போதும்.

தாராளமாக இருந்தும் தவணை தவறுகிறது என்பதில்தான் இத்துறையின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பந்தியில் மொத்தம் எத்தனை வாளி சாம்பார் பரிமாறப்பட்டது என்ற கணக்கு, வெறும் சோற்றின் முன் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஆறுதல் தராது. அதுபோல, ஆயிரம் கட்டுகளைப் பாதி நேரத்திலேயே முடித்துவிட்ட செயலி ஆயிரத்தோராவது கட்டுக்கு ஒரு மில்லி விநாடி பிந்தினாலும் ஒலிபெருக்கியில் 'டிக்' என்ற வெடிப்பு கேட்டுவிடும். ஒளிக்காட்சியில் ஒரு சட்டம் தவறினால் பெரும்பாலும் கண் மன்னித்துவிடும்; காது அப்படி விட்டுவிடுவதில்லை. எனவே இங்கே அளக்க வேண்டியது சராசரியை அன்று, மிக மோசமான ஒற்றைத் தருணத்தை.

பஃபரைப் பெரிதாக்கினால் நெருக்கடி தீர்ந்துவிடும் என்பது உண்மையே. 1,024 சாம்பிள் வைத்தால் 21 மில்லி விநாடி அவகாசம் கிடைக்கும். ஆனால் உள்ளே வரும் பஃபரும் வெளியே செல்லும் பஃபரும் சேர்ந்து அத்தாமதம் இரட்டிக்கும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்வதால், 10 மில்லி விநாடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டருக்கு அப்பாலிருக்கும் ஒலிபெருக்கியைக் கேட்பதற்குச் சமம். மேடைக்குப் பழகியவர்களுக்கு அது பொருட்டன்று. பாடகரின் நிலை வேறு. தம் குரலைக் கபால எலும்பின் வழியே உடனடியாகவும் ஹெட்போனின் வழியே சற்றுப் பிந்தியும் கேட்பதால், சில மில்லி விநாடித் தாமதத்திலேயே இரண்டும் ஒன்றையொன்று அரித்துக் குரலை உள்ளீடற்றதாக ஆக்கிவிடுகின்றன. மின்னணுத் தாளப் பலகையில் நிமிடத்துக்கு 80 அட்சரம், அட்சரத்துக்கு எட்டுச் சொல் என்று விரல்களால் வாசிப்பவருக்குச் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஏறத்தாழ 94 மில்லி விநாடிதான் இருக்கிறது. தட்டியது 20 மில்லி விநாடி கழித்து ஒலித்தால் அவ்விடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு கையைவிட்டுப் போகிறது. தாமதம் 200 மில்லி விநாடியை நெருங்கினால் சாதாரணப் பேச்சே தடுமாறும் என்பதை 1950-இல் ஆய்வாளர் பெர்னார்ட் லீ எடுத்துக்காட்டினார்.

இந்நெருக்கடி தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1957-இல் பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மாத்யூஸ் எழுதிய நிரல் ஐபிஎம் 704 கணினியில் 17 விநாடி இசையைக் கணித்தபோது, கணக்கு ஓரிடத்தில் நாடாவில் பதிவாகி, வேறோரிடத்தில் ஒலியாக மாற்றப்பட்டது. கணிப்பதும் கேட்பதும் வெவ்வேறு வேளைகளில் நிகழ்ந்தமையால் கணினிக்கு அவசரமே இருக்கவில்லை. 1981-இல் இசையமைப்பாளர் பியர் பூலேஸ் தம் 'ரெப்போன்' படைப்பில் தனிவாத்தியங்களின் ஒலியை மேடையிலேயே உருமாற்ற விரும்பியபோது, பாரிஸின் இர்க்காம் நிறுவனத்தில் ஜியுசெப்பே டி ஜியுனோ இத்தகைய பணிக்கென்றே உருவாக்கிய 4எக்ஸ் என்னும் தனி இயந்திரம் தேவைப்பட்டது. இவ்வாறு தனி வன்பொருளின் மேல் ஏற்றப்பட்டிருந்த அவ்வேலை பொதுக் கணினியின் செயலிக்கே இறங்கி வந்தது 1990-களின் நடுவில்: ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் விஎஸ்டி பிளக்-இன் முறையையும், 1997-இல் இயங்குதளத்தின் நீண்ட வழிகளைச் சுற்றிச்சென்று ஒலியட்டையை நேரடியாகத் தொடும் ஏஎஸ்ஐஓ முறையையும் வெளியிட்டது. விலை இறங்கியது, ஆனால் ஒரே வேலைக்கென்று பிறந்த இயந்திரத்தின் இடத்தில் ஆயிரம் வேலைகளுக்கிடையே ஒலியையும் கவனிக்கும் இயந்திரம் வந்து அமர்ந்தது.

அந்த ஆயிரம் வேலைகளே தவணை தவறுவதற்குப் பெருங்காரணம். வைஃபை சில்லுக்கு ஒரு செய்தி வந்தாலும், மடிக்கணினி தன் பேட்டரியின் அளவைச் சரிபார்த்தாலும், வரைகலை அட்டை தன் மின்நிலையை மாற்றிக்கொண்டாலும், அவ்வன்பொருளுக்குரிய டிரைவர் என்னும் இடைநிலை நிரல் செயலியை நிறுத்தித் தன் காரியத்தை முதலில் பார்த்துக்கொள்ளும் உரிமை பெற்றிருக்கிறது. ஒழுங்காக எழுதப்பட்ட டிரைவர் ஒரு மில்லி விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் விலகிக்கொள்ளும். அலட்சியமாக எழுதப்பட்டதோ இரண்டு மூன்று மில்லி விநாடி அங்கேயே நிற்கும், அதற்குள் 64 சாம்பிள் பஃபர் ஓரிரு முறை காலியாகிவிடும். விளையாட்டுக்கென விற்கப்படும் விலையுயர்ந்த மடிக்கணினி ஒரு குரலைக்கூடச் சுத்தமாகத் தர இயலாமல் வெடிப்பதற்கும், வைஃபையை அணைத்தவுடன் அது நின்றுவிடுவதற்கும் காரணம் இதுவே. இவற்றினும் ஆழத்தில், தாய்ப்பலகையின் அடிப்படை நிரல் வெப்பத்தைக் கண்காணிப்பது போன்ற காரியங்களுக்காக இயங்குதளத்துக்கே தெரியாமல் செயலியைப் பறித்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு; அதை எந்த மென்பொருள் அமைப்பாலும் தடுக்க இயலாது என்பதால், தாய்ப்பலகையின் தேர்வு செயலியின் தேர்வுக்குச் சற்றும் குறைந்ததன்று. இயங்குதளத்தின் அளவில் இயன்ற தீர்வும் தாமதமாகவே வந்தது: லினக்ஸின் கருநிரலை எந்நிலையிலும் இடைமறிக்கத்தக்கதாக்கும் நிகழ்நேரத் திருத்தங்கள், ஏறத்தாழ இருபதாண்டுகள் வெளியிலேயே வளர்க்கப்பட்டபின், 2024-இல்தான் அதன் முதன்மைப் பதிப்பில் முழுமையாக இடம்பெற்றன.

மின்சாரச் சிக்கனமும் இத்தகையதே. வேலையில்லாத நொடிகளில் செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குச் சென்று தன் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. விழித்துப் பழைய வேகத்தை எட்டுவதற்குள் கெடுவின் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. வேலை மிகுதியானால் எதிர்ச்சிக்கல்: மெல்லிய உடலமைப்புள்ள மடிக்கணினி சூடேறியதும் தன்னைத் தானே மந்தப்படுத்திக்கொள்கிறது. விளம்பரத்தில் காணப்படும் உச்ச வேகம் தொடக்கத்துச் சிறிது நேரத்துக்கு உரியது. கச்சேரியின் இரண்டாம் மணி நேரத்துக்கு உரிய வேகத்தை எவரும் விளம்பரப்படுத்துவதில்லை.

கோர்களைப் பற்றிய மயக்கமும் பரவலானது. ஒரு குரல் முதலில் சமனாக்கிக்கும், பின் ஒலியழுத்திக்கும், பின் எதிரொலிப்புக்கும் செல்லும்போது, முன்னது முடியாமல் பின்னது தொடங்க இயலாது. எனவே ஒரு தடத்தின் சங்கிலியைப் பதினாறு கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வழியில்லை. நாற்பது தடங்கள் தனித்தனியே ஓடும் இடத்தில் கோர்கள் பயன்படும். எல்லாத் தடங்களும் கூடும் இறுதித் தடத்திலோ மீண்டும் ஒற்றைக் கோரின் வலிமையே எல்லையாகிறது. இயங்குதளத்தின் அளவுமானி 20 விழுக்காடு என்று காட்ட, இசை மென்பொருளின் மானி சிவப்பைத் தொடுவது இதனால்தான்.

இவ்விடத்தில் ஒரு விந்தையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எதிரொலிப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து மௌனமாகும்போது, அதைக் குறிக்கும் எண்கள் பூச்சியத்தை ஒருபோதும் எட்டாமல் மேலும் மேலும் சிறுத்துக்கொண்டே செல்கின்றன. செயலி வழக்கமாகக் கையாளும் எல்லைக்கும் கீழே அவை இறங்கியதும், ஒவ்வொரு பெருக்கலும் பன்மடங்கு நேரத்தைத் தின்னத் தொடங்குகிறது. பாட்டு நின்ற பின், எவர் காதுக்கும் எட்டாத ஒலிக்காகக் கணினி திணறும். அவ்வெண்களைப் பூச்சியமாகவே கருதும்படி செயலிக்குக் கட்டளையிடுவது இன்று எல்லாப் பிளக்-இன் ஆசிரியர்களும் அறிந்த எளிய மருந்து.

நினைவகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் பல அழுத்தங்களில் பதிந்து வைத்த ஒலித்தொகுப்புகளைக் கையாள்பவருக்கு 32 ஜிபி ராமும் எஸ்எஸ்டி சேமிப்பும் வேண்டும். வன்வட்டின் முள் இடம் தேடிச் செல்ல ஆகும் பத்து மில்லி விநாடி அளவே அங்கே கேடு. 1998-இல் வந்த கிகாசாம்ப்ளர், ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் ராமில் வைத்து மிச்சத்தை வட்டிலிருந்து ஓடும்போதே எடுத்துக்கொண்டது. அம்முறை இன்றும் மாறவில்லை. ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் வெளிப்பெட்டிக்கு அதிவேக இணைப்பு வேண்டும் என்பது பெரும்பாலும் வீண் கவலை: 24 பிட் இரு தட ஒலிக்கு விநாடிக்கு 2.3 மெகாபிட் போதும், யுஎஸ்பி 2.0-வின் உச்ச அளவோ 480 மெகாபிட். அப்பெட்டியின் டிரைவர் தன் பாதுகாப்புக்காக ஒளித்துவைத்திருக்கும் கூடுதல் பஃபர் எவ்வளவு என்பதே கேட்கத்தக்கது. திரையில் ஒரே 64 என்று காட்டும் இரு பெட்டிகளின் மெய்யான தாமதம் அதனால்தான் வேறுபடுகிறது.

லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பேலா என்னும் கருவி, மொத்த வேகத்தினும் தவணை தவறாமையே முக்கியம் என்ற வாதத்துக்குத் தக்க சான்று. அது அமர்ந்திருக்கும் பீகிள்போன் பிளாக் பலகையில் இருப்பது 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றைக் கோர், 512 எம்பி ராம். கைப்பேசிகளுக்கு முன்னும் நாணத்தக்க அளவு. ஆயினும் ஒலிப்பணியை லினக்ஸையும்விட முன்னுரிமை பெற்றதாக நிறுத்தும் செனோமாய் அமைப்பினால், இரண்டே சாம்பிள் கொண்ட பஃபரிலும் அது இயங்கி, ஒரு மில்லி விநாடிக்கும் குறைந்த தாமதத்தில் விடையளிக்கிறது. நாற்பது தடங்களை அதன்மேல் ஏற்ற முடியாது என்பது வேறு செய்தி.

பணத்தை எங்கே செலவிடுவது என்பது, வாங்குபவர் எதைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார் என்பதைப் பொறுத்தது. குரலை மட்டும் பதிபவர், மைக்கின் ஒலியைக் கணினிக்குள் விடாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே ஹெட்போனுக்குத் திருப்பும் நேரடிக் கேட்பு வசதியைப் பயன்படுத்திக்கொண்டால், பஃபரை 1,024-இல் வைத்துப் பழைய மடிக்கணினியிலேயே பதிவை முடித்துவிடலாம். கலவைப் பணியில் பெரிய பஃபர் எவருக்கும் இடைஞ்சலன்று. மின்கிதாரின் ஆம்ப்ளிஃபயர் ஒலியை மென்பொருளிலேயே உருவாக்கி அதைக் கேட்டபடி வாசிப்பவருக்கும், திரையில் இருக்கும் பியானோவை விசைப்பலகையால் இயக்குபவருக்கும் அந்த நேரடிக் கேட்பு வழி அடைபட்டிருக்கிறது. வலுவான ஒற்றைக் கோர், நம்பத்தக்க டிரைவருள்ள இன்டர்ஃபேஸ், வெப்பத்தைத் தாங்கும் பெட்டி ஆகியவற்றுக்கு விலை கொடுக்க வேண்டியவர்கள் அவர்களே. வாங்குமுன் அவர்கள் கேட்டுப் பெறத்தக்கது, வைஃபையும் திரையும் இயங்கிக்கொண்டிருக்க, 64 சாம்பிள் பஃபரில் ஒரு மணி நேரம் அந்த இயந்திரத்தை ஓடவிட்டு ஒரு வெடிப்பாவது கேட்கிறதா என்று பார்க்கும் வாய்ப்பு; எந்தக் கடையும் அதை எளிதில் தருவதில்லை.