செவிக்கு எழுதியது

செந்தூல் என்பது கோலாலம்பூர் பட்டணத்துக்கு வடபுறத்தில், ரயில் பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர். இன்று அங்கே இறங்குகிறவர்களுக்கு இது விளங்காது. பட்டறையும் இல்லை, அதன் சங்கும் இல்லை. பழைய ரயில் கட்டடம் ஒன்றில் 2005-ஆம் ஆண்டு முதல் நாடக அரங்கம் நடைபெற்று வருகிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே ஒரு காலத்தில் தமிழன் எண்ணெய்ச் சட்டையோடு நின்றான் என்பது தெரியுமோ, நான் அறியேன். தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே உழைத்தார்கள். 1945-இல் நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டு அதைத் தகர்த்தன; யுத்தம் முடிந்ததும் மறுபடி கட்டினார்கள். அப்படிக் கட்டிய பட்டறையில் என் தகப்பனார் பிட்டர்.

என் தாயாருக்கு எழுத்து வாசனை கிடையாது. எனக்கோ இருபது வயதிலேயே கதை எழுதும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பத்திரிகையில் என் பெயர் வந்த நாளில் அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதிலே என்னடா சொல்லியிருக்கே?" என்று கேட்டார்கள். வாசித்துக் காட்ட வெட்கப்பட்டு, நாலு வார்த்தையில் கதையைச் சொல்லி முடித்துவிட்டேன். பெண் கல்வியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற ஒருவன், தன் வீட்டில் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்ட நேரமில்லாதவனாக இருந்தான் என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

ஆனால் தாயாருக்கு வானொலி இருந்தது. 1946 ஏப்ரல் முதல் தேதி மலாயா வானொலி ஏற்பட்டபோதே மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழுக்கும் இடம் கிடைத்தது. அந்தத் தமிழ்ப் பகுதி பல பெயர்கள் மாறி இன்று மின்னல் பண்பலையாக இருக்கிறது. நமது ஜனங்களின் காதுகளைப் புராண காலட்சேபக்காரர்கள் வெகுகாலம் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அதே காலட்சேப மெட்டில், படிக்கப் போன ஏழைப் பையனின் கதையாகக் கிந்தனாரைச் சொல்லிச் சிரிக்கவைத்தவர் என். எஸ். கிருஷ்ணன். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அது இடம்பெற்றது. எங்கள் வீட்டில் அதை நாங்கள் வானொலி வழியாகக் கேட்டோமே ஒழிய, கொட்டகைக்குப் போய்ப் பார்த்ததில்லை. தாயாருக்கு அது மனப்பாடம். ஆகவே, அவர்களுடைய காதுக்கு எழுதுவதென்று 1975-இல் தீர்மானித்து, வானொலியின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு நாடகம் எழுதித் தபாலில் அனுப்பினேன்.

அது மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "இதில் ஒருவரும் பேசவில்லை, எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்." கையொப்பம்கூட இல்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் படித்துப் பார்த்தேன், வாஸ்தவம். செவ்வானம் சிவந்திருந்தது, அவள் கண்கள் கலங்கியிருந்தன, அவன் நெஞ்சு கனத்தது. இதில் எதைக் கேட்கிறவன் கேட்பான்?

செவிக்கு எழுதுவது தனி வித்தை. காகிதத்தில் படிக்கிறவன் புரியாவிட்டால் பின்னே புரட்டிப் பார்ப்பான். கேட்கிறவனுக்கு அந்த வசதி இல்லை. பாத்திரம் வாய் திறந்தவுடனே யாராவது அதன் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஒரே வயதுப் பெண்கள் மூவர் பேசினால் யார் யாரென்று தெரியாது. ஒருத்தியைக் கிழவியாக்கு, அல்லது வெளியே அனுப்பு. நமது தமிழ்ச் சொற்கள் நீளமானவை; நிமிஷத்துக்கு நூறு சொல்லைத் தாண்டினால் நடிகருக்கு மூச்சு வாங்கும். மௌனமும் ஒரு சத்தம்தான், ஆனால் ஐந்து விநாடிக்கு மேல் நீடித்தால் வீட்டில் இருக்கிறவர் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். தேங்காய்ச் சிரட்டை இரண்டு இருந்தால் குதிரை ஓடும். மிட்டாய்க் காகிதத்தைக் கசக்கினால் தீ எரியும்.

இந்த வித்தைக்கு மூலபுருஷர்களில் ஒருவராகச் சொல்லத்தக்கவர் ரிச்சர்டு ஹியூஸ் என்ற ஆங்கிலேயர். 1924 ஜனவரி 15-இல் பி.பி.சி. ஒலிபரப்பிய அவரது நாடகம், விளக்கு அணைந்துபோன நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடப்பது. பார்க்க முடியாதது குறையென்று அவர் அழவில்லை. பார்க்க முடியாத இடத்துக்கே கதையைக் கொண்டுபோய்விட்டார்! இதைப் படித்தபின்தான் எனக்குப் புத்தி வந்தது. இருட்டில் என்ன கேட்டதோ அதை எழுதுவோமென்று உட்கார்ந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் இரவில் எனக்குக் கேட்டது என் தமக்கை தம்பிமாரைத் தூங்கவைக்கும் குரல்.

தமக்கை நாலாம் வகுப்போடு நின்றவள். அதைத்தான் இரண்டாவது நாடகமாக எழுதினேன். பேசுகிற தமிழிலேயே எழுதினேன். இது வானொலிக்கு ஏற்குமோ என்ற பயம் இருந்தது. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. யூனா மார்சன் என்ற ஜமைக்கா மாது 1943-இல் பி.பி.சி.யில் தொடங்கிய 'கரீபியன் வாய்சஸ்' என்ற நிகழ்ச்சிக்குத் தீவுகளிலிருந்து புதியவர்கள் கதை அனுப்புவார்கள், லண்டனில் வாசிக்கப்படும், தீவுகளில் கேட்பார்கள். 1958 வரை இது நடந்தது. அப்படிக் கதை ஒலிபரப்பாகி வளர்ந்தவர்களில் ஒருவர் சாமுவேல் செல்வன். இவருடைய தகப்பனார் சென்னையிலிருந்து டிரினிடாடு போன தமிழர். மகன் பிற்பாடு அத்தீவுப் பேச்சிலேயே ஒரு நாவலை எழுதி உலகத்தைப் படிக்கவைத்தார். அந்தத் தீவுப் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை செந்தூல் பேச்சுக்குக் கிடைக்கக் கூடாதா?

நாடகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1976-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பினார்கள். அக்கம்பக்கத்தார் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தகப்பனார் பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். தாயார் அடுப்பங்கரை வாசற்படியில் இருந்தார்கள். நாடகத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது, பெண் புறப்பட்டாள், தாய் குறுக்கே நின்று, "பொட்டப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு? நாளைக்கு அடுப்பு ஊதப் போறவதானே!" என்றாள். பாயில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாரும் போனபின் தாயார் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல், "நான் அப்படிச் சொல்லலை" என்றார்கள்.

பிறகு சொன்னார்கள். 1955-இல் தகப்பனாருக்கு நெஞ்சு நோய். பதினொரு மாதம் ஆஸ்பத்திரி. தாயார் வெள்ளைக்காரர் பங்களாக்களில் துணி துவைக்கப் போனார்கள். கைப்பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை. "அப்பா எந்திரிச்சு வரட்டும், நீ திரும்பிப் போ" என்றுதான் சொன்னார்களாம். தகப்பனார் எழுந்து வந்தார். தமக்கைதான், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு நாலாம் வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு, போகமாட்டேனென்று அழுதாளாம். இரண்டு நாள் தாயார் அடித்தும் பார்த்தார்களாம்.

1955-இல் எனக்கு வயது நான்கு. நான் ஒன்றையும் கேட்டவனல்லன். அந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து வந்தது? நமது சீர்திருத்த நாடகங்களில் ஆயிரம் தாய்மார் பேசிய வாக்கியம் அது. மூட வழக்கத்தைக் கண்டிக்க ஒரு மூடத் தாய் தேவைப்பட்டாள். கைக்கெட்டும் தூரத்தில் என் தாயார் இருந்தார்கள். அச்சில் வந்திருந்தால் அடுத்த வாரம் பிழைதிருத்தம் போடலாம். காற்றில் போனதற்கு எங்கே போய்ப் பிழைதிருத்தம் போடுவது? பாயில் இருந்தவர்களில் இரண்டு பேர் மறுநாளே, "பாவம் உன் அக்காள், உன் அம்மா இப்படியா செய்தார்கள்!" என்று என்னிடமே துக்கம் விசாரித்தார்கள்.

கிள்ளானில் வாழ்க்கைப்பட்டிருந்த தமக்கையும் கேட்டிருந்தாள். அவள் தாயாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மணிச் சத்தம் தப்பு, நம்ம பள்ளிக்கூடத்திலே ஏதுடா வெண்கல மணி? தண்டவாளத் துண்டைத்தானே கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க" என்றாள். இருபது வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு அந்தச் சத்தம் ஞாபகம்.

மறுபடியும் எழுதினேன். இந்தத் தடவை எழுதியதை அடுப்பங்கரையில் உட்கார்ந்து தாயாருக்கு ஒரு வரி விடாமல் வாசித்தேன். மூன்று இடங்களில் நிறுத்தினார்கள். ஓரிடத்தில், "அடிச்சதை எடுத்துடாதே, அது இருக்கட்டும்" என்றார்கள். அவர்களே பேசிக் காட்டியதை அப்படியே எழுதிக்கொண்டேன். எனக்கு அதில் வேலையே இல்லை.

ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்ததும், ஓரடி நீளத் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அங்காசாபுரி மாளிகைக்குப் போனேன். கெஜத்துக்கு 80 ராத்தல் கனமுள்ள தண்டவாளம். ஓரடி என்றால் பன்னிரண்டு கிலோ. அது எங்கிருந்து கிடைத்ததென்று வாசகர்கள் கேட்க வேண்டாம். மேசைமேல் வைத்துத் தட்டினால் 'டொக்'கென்றது. கயிற்றில் கட்டி ஏணியில் தொங்கவிட்டுத் தட்டிய பிறகே கணீரென்று ஒலித்தது.

ஒலிபரப்பான அன்று மறுபடியும் பாய் விரித்தார்கள். தகப்பனார் நாற்காலி போட்டார். தாயாரைக் காணவில்லை. தேடிப் போனால், நாலு வீடு தள்ளி, பிரசவமான ஒரு பெண்ணுக்குக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா, ஆரம்பிக்கப் போகிறது" என்றேன்.

"நான் சொன்னதுதானேடா? தெரியாதவங்க கேக்கட்டும்" என்று சொல்லிக் குழந்தையின் தலைக்கு வெந்நீர் ஊற்றினார்கள். ஜன்னல் வழியாக, எங்கள் வீட்டுப் பக்கமிருந்து தண்டவாளச் சத்தம் கேட்டது.