வண்ண இலைச் செடி

மலரால் அழகு பெறும் செடிகள் பல. இலையாலேயே அழகு பெறும் செடிகள் சில. அச்சிலவற்றுள் வீட்டு முற்றங்களிலும் பள்ளித் தோட்டங்களிலும் மிகுதியாகக் காணப்படுவது குரோட்டன். அதன் இலைகளில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்து விளங்கும். சில வகைகளின் இலை மாவிலைபோல் அகன்றிருக்கும்; சிலவற்றின் இலை நாடாபோல் நீண்டு முறுக்கியிருக்கும். அதன் பூக்கள் மிகச் சிறியவை; காண்போர் அவற்றைக் கருதுவதும் இல்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் இலை நிறைந்து நிற்பதால், பூவில்லாக் குறை அதற்கு இல்லை.

இச்செடியின் தாயகம் இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகளும் அவற்றை அடுத்த நிலப்பகுதிகளும் ஆகும். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த இதனை, 1753-இல் லின்னேயசு என்னும் அறிஞர் குரோட்டன் இனத்தில் சேர்த்தார். பின்வந்தோர் இது வேறோர் இனம் எனக் கண்டு, கோடியேயம் எனப் பெயரிட்டனர். சித்த மருத்துவத்தில் வழங்கும் நேர்வாளமே உண்மையான குரோட்டன் இனத்தைச் சேர்ந்தது. எனினும், தோட்டக்காரர் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்ச்செடியின் நிறத்தைப் பெறும் என்பது உறுதியன்று. ஆதலின், பாதி முற்றிய நுனிக்கிளையை ஒரு சாண் நீளம் நறுக்கி, அடியிலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் நட்டு, நிழலில் வைப்பர். மழைக்காலமே இதற்கு ஏற்றது. மண் ஈரமாய் இருத்தல் வேண்டும். நீர் தேங்குதல் கூடாது. சில வாரங்களில் வேர் பிடிக்கும். கிளையை நறுக்கும்போது கசியும் சாறு சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும்; ஆதலால் கையை உடனே கழுவுதல் நன்று. இலையின் அடியில் மாவுப்பூச்சி காணப்பட்டால் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம்.

வேரூன்றிய செடிக்கு வெயில் வேண்டும். ஒளி குறைந்த மூலையில் நின்றால் புதிய இலைகள் பெரும்பாலும் பச்சையாகவே தோன்றும்; நல்ல ஒளி பட்டால்தான் நிறங்கள் பொலியும். ஆனால், நிழலில் வளர்ந்த செடியை ஒரே நாளில் கடுவெயிலில் நிறுத்தினால் இலை கருகிவிடும். சிறிது சிறிதாகவே பழக்குதல் வேண்டும்.

இடம் மாற்றி நட்ட குரோட்டன் சில நாட்களில் இலைகளை உதிர்ப்பது உண்டு. அப்போதுதான் வளர்ப்பவரின் அறிவு சோதிக்கப்படுகிறது. பட்டுவிட்டது என்று பிடுங்கி எறிவோர் உளர். இரக்கம் மிகுந்து குடம் குடமாய் நீர் ஊற்றுவோரும் உளர். இலையில்லாச் செடி மிகுந்த நீரைப் பருகாது. தேங்கும் நீரில் வேர் அழுகிவிடும். அறிந்தவரோ பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பார்ப்பர். உள்ளே பசுமை இருந்தால் அளவாக நீர் வார்த்துப் பொறுத்திருப்பர். நாளடைவில் கணுக்களில் புதுத்தளிர் அரும்பும்.

வேற்றூரிலிருந்து வந்து வகுப்பில் சேரும் மாணவனும் சில நாள் பேச்சற்று வாடியிருப்பான். அவனை ஒன்றும் அறியாதவன் என ஒதுக்குதலும் தவறு. ஓயாமல் வினவி வருத்துதலும் தவறு. அளவறிந்த அன்போடு காத்திருப்பவரே அவன் தளிர்ப்பதைக் காண்பர்.