சோடா மூடிக்குக் கீழே

மாலை ஐந்தரை மணி. வெள்ளவத்தையில் மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தைத் தாண்டி, கருங்கற்களில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினால் ஒரு கீற்று மணல் கிடைக்கும். சிங்களத்தில் ‘வெல்ல’ என்றால் கடற்கரை மணல், ‘வத்த’ என்றால் தோட்டம். இன்று தோட்டம் இல்லை, மணலும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச மணலில் ஒரு பெரியவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வட்டக் கோப்பை பொருத்தியதுபோன்ற ஒரு தடியை இடமும் வலமுமாக வீசியபடி நடக்கிறார். பட்டம் விட வந்த பிள்ளைகள் பட்டத்தை மறந்துவிட்டு அவர் பின்னால் போகிறார்கள்.

அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர், எழுபதைத் தாண்டியவர். தடி லண்டனிலிருந்து வந்தது. தங்கையின் மகன் பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த உலோகம் தேடும் மெஷின். நான் அவரோடு நடந்தது மூன்று மாலைகள். முதல் நாள் அகப்பட்டவை: சோடா மூடிகள் பதினான்கு, தூண்டில் ஈயக்குண்டுகள் இரண்டு, பியர் டின்னின் காது ஒன்று, பாதி உருகிய சாமிப் படத் தகடு ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறார். வீட்டில் மனைவி சிரிக்கிறாராம். “சிரிக்கட்டும், கடற்கரை துப்புரவாகுதுதானே” என்கிறார்.

மெஷினின் வேலை எளிது. வட்டத்துக்குள் சுருண்டிருக்கும் கம்பியில் மாறுமின்னோட்டம் ஓடி, மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில்தான் காதில் சத்தமாகக் கேட்கிறது. சிக்கல் என்னவென்றால் உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மணலுக்குப் போனால் ஒன்றுமில்லாத இடத்திலும் மெஷின் முனகத் தொடங்குகிறது. தண்டவாளப் பக்கம் ஒதுங்கினால் அலறுகிறது. 1881இல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட கிரகாம் பெல் இப்படியொரு கருவியைக் கொண்டுபோனார். மெத்தையின் இரும்புச் சுருள்கள் சத்தத்தைக் குழப்ப, குண்டு அகப்படவில்லை. பெல்லுக்குக் கட்டில்; இவருக்குக் கரையோர ரயில் பாதை.

இன்னொரு வேடிக்கை. ஆணியும் தகரமும் தொல்லை தராமல் இருக்க, இரும்பை ஒதுக்கும் பொத்தான் ஒன்று மெஷினில் உண்டு. இலங்கையில் 2005இல் புழக்கத்துக்கு வந்த ஐந்து ரூபாய்க் குற்றியோ பித்தளை முலாம் பூசிய இரும்பு. பொத்தானை அழுத்தினால் ஆணியோடு காசும் போய்விடும். “இங்கிலாந்துக்காரன் செய்த மெஷினுக்கு எங்கட காசு காசாத் தெரியாது” என்று பெரியவர் சொன்னபோது, அதில் கொஞ்சம் பொருளாதாரமும் இருந்தது.

லண்டன் மருமகனுக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. விவசாயியிடம் அனுமதி கேட்டு, உழுத வயலில் தடியோடு நடப்பார்கள். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹொக்ஸ்னி கிராமத்தில், நண்பர் வயலில் தவறவிட்ட சுத்தியலைத் தேடிப் போனார் எரிக் லாஸ். அகப்பட்டது உரோமர் காலத்துப் பொன், வெள்ளிக் காசுகள், சுமார் 15,000. கொஞ்சம் தோண்டியவர் நிறுத்திவிட்டார்; சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து, பெட்டி எப்படி இருந்தது, எது எதன்மேல் அடுக்கப்பட்டிருந்தது என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1996இல் அந்த நாடு புதையல் சட்டத்தைத் திருத்தியது. மறு ஆண்டு, பொதுமக்கள் கண்டெடுக்கும் சிறு பொருட்களைப் பதிவு செய்யும் திட்டம் தொடங்கியது. கண்டவர் கொண்டுவந்து காட்டலாம், திட்டு விழாது.

இங்கே கதை வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, கண்டியரசு பிரிட்டிஷார் கைக்குப் போன 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள். மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. உரிமம் இல்லாமல் அதைத் தேடித் தோண்டினால், தோண்டியது உங்கள் சொந்தக் காணியாக இருந்தாலும் குற்றம். புதையல் தோண்டப்போய் ‘ஸ்கேனரோடு’ பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. தாதுகோபங்களைக் குடைந்தவர்களும், பூசை போட்டு நள்ளிரவில் கற்களைப் பெயர்த்தவர்களும் இருக்கும் நாட்டில் இந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே நம் பெரியவரின் எல்லை, அலை ஏறாத காய்ந்த மணலில் ஒரு சாண் ஆழம். அயலவர் ஒருவரின் மகள் தொலைத்த மோதிரத்தைத் தேடிக் கொடுத்ததுதான் இதுவரை அவர் செய்த பெரிய சாதனை.

அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. வடக்கே பளையில் தகப்பன் வழித் தென்னங்காணி கிடக்கிறது. மெஷினைக் கொண்டுபோய் அங்கே ஒரு சுற்று நடக்கவேண்டும்.

அந்த ஆசையைத் தடுத்தவர் காலி வீதிப் புடைவைக் கடையொன்றில் வேலை செய்யும் ஒரு பெண். கடை விட்டுக் காற்று வாங்க வந்தவர், தடி ஆடும் விதத்தைப் பார்த்து நின்றுவிட்டார். “ஐயா, தடியை மேல தூக்காதேங்கோ. நிலத்துக்குப் பக்கத்தில, ஒரே உயரத்தில கொண்டுபோங்கோ.” பெரியவர் ஹெட்போனைக் கழற்றினார். “உமக்கு இது தெரியுமோ, பிள்ளை?” தெரியும். முகமாலையில் நாலு வருசம் மிதிவெடி எடுத்தவர் அவர்.

முகமாலை பளைக்கு வடக்கே, ஏ9 வீதியில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு தசாப்தம் போர்முனையாக நின்ற நிலம் அது. 2002 முதல் இலங்கையில் வேலை செய்யும் ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் அங்கே மிதிவெடி அகற்றுகின்றன. வேலைக்கு வந்தவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கிறவர்கள் பலர். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, மார்புக்குக் கனத்த கவசம், தலைக்கு மேல் வெயில். ஒருவருக்கு ஒரு பாதை, அகலம் ஒரு மீட்டர்.

“சத்தம் வந்த இடத்தில நேரா கிண்டமாட்டம்,” என்று அவர் மணலில் விரலால் கீறிக் காட்டினார். சத்தத்துக்கு முன்னாலேயே குழி தொடங்கவேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு அணுகவேண்டும். மிதிவெடி மேலிருந்து அழுத்தினால்தான் வெடிக்கும். விலாவில் தொட்டால் பொறுத்துக்கொள்ளும், பெரும்பாலும். விடுதலைப் புலிகளின் ‘ஜொனி 95’ மரப்பெட்டியில் செய்தது. ‘ரங்கன் 99’ பாகிஸ்தானியப் பி4 மிதிவெடியைப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக். இவற்றில் உலோகம் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தையும் காதில் விழவைக்க மெஷினைக் கூர்மையாக்கி வைத்தால், ஆணி, தோட்டாக் கோது, முள்ளுக்கம்பித் துண்டு எல்லாம் ஒரே குரலில் கூப்பிடும். அங்கே இரும்பை ஒதுக்கும் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு சத்தத்தையும் மிதிவெடி என்றே நினைத்துச் சுரண்டவேண்டும். நூறு தடவை ஆணி வந்தாலும் அடுத்த தடவையும் அதே நிதானம். வெள்ளவத்தையில் சோடா மூடிக்குச் சலித்துக்கொள்ளும் எங்களைப் பார்த்து அவர் சிரிக்காமல் இருந்தது பெருந்தன்மை.

இரண்டு தடிகளும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். இரண்டாம் உலகப் போரில் யோசெப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி கையில் தூக்கிச் செல்லும் கண்ணிவெடி தேடியை வடிவமைத்து, காப்புரிமை கேட்காமல் பிரிட்டிஷ் இராணுவத்துக்குக் கொடுத்தார்; 1942இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் அது பெருமளவில் பயன்பட்டது. போர் முடிந்ததும் மிஞ்சிய மெஷின்களோடு சிலர் வயலுக்குக் காசு தேடப் போனார்கள்.

அந்தப் பெண் குடியிருப்பது கொட்டாஞ்சேனையில். மூன்றாம் நாள் அவரோடு பஸ்ஸில் கோட்டை வரை போய், செட்டியார் தெரு வழியாக நடந்தேன். இருபுறமும் நகைக்கடைகள், நடுவே ஆடிவேல் ரதம் புறப்படும் கதிரேசன் கோயில். பட்டறைகள் இருக்கும் ஒழுங்கையொன்றில் இரண்டு பேர் வடிகால் ஓரம் குந்தியிருந்து சேற்றை அரித்துக்கொண்டிருந்தார்கள். பத்தர்மார் அராவும்போது பறக்கும் பொன்தூள் உடுப்பிலும் காலிலும் ஒட்டி, கழுவும் தண்ணீரோடு இங்கே வருகிறது. மெஷினுக்கு இந்தத் தூள் கேட்காது. வேண்டியது ஒரு தட்டும் மணிக்கட்டின் பழக்கமும்தான். மணல் தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனம். பொன் பத்தொன்பது மடங்கு. சுழற்றச் சுழற்ற மணல் விளிம்பைத் தாண்டி ஓடும், பொன் அடியில் பதுங்கும். அரிக்கன்சட்டியில் அரிசியைக் கல் நீக்கிய எங்கள் அம்மாக்களின் கைதான் அது. அங்கே தங்குவது கல், இங்கே தங்குவது பொன். கடைசியில் பாதரசம் விட்டுத் தூளைத் திரட்டிச் சூடாக்குவதுண்டு. அந்தப் புகை நஞ்சு. மூக்கைத் துணியால் கட்டுவது போதாது என்று சொன்னேன். ஒருவர் தலையாட்டிவிட்டுத் தட்டைச் சுழற்றினார்.

பொன்தூள் எந்த வடிகாலில் கிடைத்தது என்பது யாருக்கும் முக்கியமில்லை. பழங்காசு அப்படியல்ல. திஸ்ஸமகாராமைக்கு அருகே அக்குருகொடையில் கிடைத்த பண்டைக் காசுகளில் உதிரன், மகாசாத்தன், கபதிகடலன் போன்ற பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் இருக்கின்றன. ஒஸ்மண்ட் போபியாராச்சியும் ராஜா விக்கிரமசிங்கவும் 1999இல் நூலாக வெளியிட்டபின் அவை உலகுக்குத் தெரிந்தன. ஆனால் அவற்றில் பல அகழாய்வில் வந்தவையல்ல. தோண்டியவர்கள் கையிலிருந்து சேகரிப்பாளர் கைக்கு வந்தவை. உதிரன் வணிகனா, குறுநிலத் தலைவனா? காசோடு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்திருந்தால் விடைக்குக் கிட்டப் போயிருக்கலாம். ஹொக்ஸ்னியில் ஒருவர் கையை நிறுத்தியதால் மிஞ்சியது இங்கே மிஞ்சவில்லை. ஆசையைவிட, போய்ச் சொல்லப் பயந்ததே இதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். கண்டதைக் காட்ட வருகிறவரைக் கள்ளனாகப் பார்க்காத ஒரு மேசை இந்த நாட்டிலும் வேண்டும்.

அது வரும்வரை: கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ பழங்காசு ஒன்று கையில் வந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பத்தரிடம் நிறுக்கக் கொடுக்காதீர்கள். கிடந்த இடத்தைப் படம் எடுத்து, ஆழத்தைக் குறித்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வடக்கில் உங்கள் காணியில் துருவோ பிளாஸ்டிக்கோ சந்தேகமாகத் தெரிந்தால் தொடவே வேண்டாம். வந்த காலடியிலேயே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பளைக்கு மெஷினைக் கொண்டுபோவதில்லை என்று பெரியவர் முடிவு செய்துவிட்டார்.