ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று யார் சொன்னது?

இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். பள்ளியில் கோணமானியை வைத்து அளந்து பார்த்து நம்பிய சங்கதி. அளவு ஒரு டிகிரி முன்னே பின்னே வந்தாலும் சமம் என்றே எழுதிவைப்போம். அளக்காமல் இதை முதலில் நிரூபித்தவர் யார் என்று தேடப் போனேன்.

எதிர்பார்த்தபடியே தேடல் யூக்ளிடிடம் போய் நின்றது. கி.மு. 300 வாக்கில் அவர் எழுதிய ‘எலிமென்ட்ஸ்’ நூலைத் தாமஸ் ஹீத் 1908-இல் விரிவான குறிப்புகளோடு ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். முதல் புத்தகத்தின் 27-ஆம் தேற்றம், ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால் கோடுகள் இணை என்கிறது. கோடுகள் எங்கோ சந்திக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒரு முக்கோணம் உருவாகிவிடும். சமம் என்று சொன்ன இரண்டில் ஒன்று அதன் வெளிக்கோணம், மற்றது உள்ளெதிர்க்கோணம். வெளிக்கோணமே பெரியது என்று 16-ஆம் தேற்றத்திலேயே காட்டியாயிற்று. சமமாகவும் பெரிதாகவும் ஒரே கோணம் இருக்க முடியாது. ஆகவே கோடுகள் சந்திக்கா.

ஆனால் நான் தேடி வந்தது இதன் மறுதலையை: கோடுகள் இணையானால் கோணங்கள் சமம். அது 29-ஆம் தேற்றம். அங்கே யூக்ளிடுக்கு ஐந்தாம் எடுகோள் தேவைப்படுகிறது. ஒரு பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் 180 டிகிரிக்குக் குறைந்தால், நீட்டப்பட்ட கோடுகள் அந்தப் பக்கம் சந்தித்தே தீரும் என்பது அதன் சாரம். முதல் 28 தேற்றங்களிலும் அவர் அதைத் தொடவே இல்லை.

அவருக்கு முன்னால் என்ன இருந்தது? முக்கோணத்தின் கோணக் கூடுதலைப் பித்தாகரஸ் வழியினர் ஒன்றுவிட்ட கோணங்களைக் கொண்டே நிறுவினார்கள் என்று, யூடிமஸைச் சான்றுகாட்டி, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் உரையாசிரியர் புரோக்ளஸ் எழுதுகிறார். விதி அப்போதே புழக்கத்தில் இருந்திருக்கிறது. அரிஸ்டாட்டிலோ, இணைகோடுகளை விளக்க வந்தவர்கள் நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று குறை சொல்கிறார். அந்தச் சுற்றை அறுக்க எடுகோளை வைத்தவர் யூக்ளிடேதான் என்பது ஹீத்தின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பின்வந்தவர்களுக்கு அந்த எடுகோள் உறுத்திக்கொண்டே இருந்தது. அது தேற்றமாக இருக்க வேண்டியது என்றார் புரோக்ளஸ். அவரே கொடுத்த நிரூபணத்தில், இணைகோடுகளுக்கு இடையிலான தூரம் எல்லைக்குள் அடங்கும் என்ற ஊகம் ஓசையில்லாமல் உள்ளே வந்துவிட்டது. 1733-இல் இத்தாலியின் சக்கேரி எடுகோளை மறுத்துப் பார்த்து முரண்பாட்டைத் தேடினார். கடைசியில், நேர்கோட்டின் இயல்புக்கு இது ஒவ்வாது என்று சொல்லி முடித்துக்கொண்டார். 1829-இல் லோபசெவ்ஸ்கியும் 1832-இல் போல்யாயும் அதை மறுத்தே ஒரு முழு வடிவியலைக் கட்டி வெளியிட்டார்கள். அங்கே 27-ஆம் தேற்றம் அப்படியே நிற்கிறது, 29 விழுந்துவிடுகிறது. ஒருபோதும் சந்திக்காத கோடுகளிலும் ஒன்றுவிட்ட கோணங்கள் வேறுபடலாம்.

ஆக, ஒரே விதியாக மனப்பாடம் செய்ததில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று நிரூபிக்கப்பட்டது, மற்றது ஓர் எடுகோளின் தயவில் நிற்பது. பரீட்சையில் நாம் அதிகம் எடுத்தாள்வது இரண்டாவதைத்தான். ஏன் சமம் என்று ஒரு பிள்ளை விடாமல் கேட்டுக்கொண்டே போனால், ஏதோ ஓரிடத்தில், அப்படி வைத்துக்கொண்டோம் என்று ஆசிரியர் சொல்லித்தான் ஆக வேண்டும். யூக்ளிட் அதை மறைக்காமல் முதல் பக்கங்களிலேயே எழுதிவைத்துவிட்டார்.