உபவாசம் என்று எண்ணினேன்



பிழைப்புக்காக மும்பைக்கு வந்து, ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளை வளர்க்கும் தாய் நான். என் மூத்த மகளுக்கு அப்பொழுது 14 வயது. ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் முழங்காலில் நின்று அழுதாள். பிள்ளை உபவாசித்து ஜெபிக்கிறாள் என்று எண்ணி, நான் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன்.

எட்டாம் நாள் இரவு, போனைப் பிடித்திருந்த அவள் கை நடுங்குவதைக் கண்டு, அருகே உட்கார்ந்து விசாரித்தேன். இன்ஸ்டாகிராமில் தன்னை 16 வயதுப் பையன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன், சில மாதங்கள் அன்பாகப் பேசி, அவளுடைய அந்தரங்கப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தான். இன்னும் அனுப்பாவிட்டால் சபையார் அனைவருக்கும் அதை அனுப்பிவிடுவதாக இப்பொழுது மிரட்டினான்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்கதானே அம்மா, இதெல்லாம் அசுத்தமான பேச்சுன்னு சொன்னீங்க" என்றாள்.

அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்தியது. 11 வயதில் சரீர மாற்றங்களைக் குறித்து அவள் கேட்டபோது, அதட்டி வாயை அடைத்தவள் நான்தான்.

என் கணவர் கோபத்தில் போனை உடைக்கப் போனார். அப்பொழுது 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. தாமாருக்குக் கொடுமை நேர்ந்தபோது, சகோதரனாகிய அப்சலோம் அவளைப் பேசாதிருக்கச் சொன்னான். தகப்பனாகிய தாவீது கோபங்கொண்டான். ஆனால் மகளுக்காக ஏதும் செய்ததாக அங்கே எழுதப்படவில்லை. வேதம் மறைக்காத காரியத்தை நாமோ வீட்டில் மறைக்கிறோம்.

நாங்கள் அவளை அடிக்கவில்லை. அவனுக்குப் பதில் எழுதவில்லை. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கான 1098 என்னும் இலவச எண்ணை அழைத்தோம். போலீசிலும் புகார் செய்தோம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இப்படி மிரட்டுவது, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். அத்தகைய படங்களை வைத்திருப்பதும் குற்றமாகும் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாக்கியது. பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி அவசியம் என்றும் அதே தீர்ப்பில் வலியுறுத்தியது.

பிரியமானவர்களே, சரீரத்தை உண்டாக்கியவர் தேவன். அதைக் குறித்துப் பேசுவது அசுத்தமல்ல. நாம் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவன் சொல்லிக்கொடுப்பான். இப்பொழுது காய்கறி நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் நாங்கள் இருவரும் பேசுகிறோம். முதலில் எனக்குத்தான் நாக்கு எழவில்லை, அவள் காத்திருந்தாள்.

உங்கள் பிள்ளை முழங்காலில் நின்று அழுதால், ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அருகே போய் உட்கார்ந்து, என்னவென்று கேளுங்கள்.